விரலுக்குத் தெரிந்த வழி

செப்டம்பர் கடைசி வாரத்தில் ஈரோட்டிலோ திருப்பூரிலோ ஏதாவது ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குள் நுழைந்து பாருங்கள். வரித் தணிக்கை அறிக்கைக்குக் கெடு நெருங்கும் நாட்கள் அவை. மேஜைக்கு மேஜை பில் கட்டு. டேலி என்ற கணக்கு மென்பொருள் திறந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கண் திரையில் இருக்காது, பில்லில் இருக்கும். இடது கை விரல் ஒரு வரியைப் பிடித்திருக்க, வலது கை எண் விசைகளில் ஓடும். மவுஸ் எங்கோ ஃபைலுக்கு அடியில் கிடக்கும். எஃப் 5 பேமென்ட், எஃப் 6 ரசீது, எஃப் 7 ஜர்னல், எஃப் 8 விற்பனை, எஃப் 9 கொள்முதல். பதிவு முடிந்தால் கன்ட்ரோல் ஏ. பட்டியலில் இல்லாத புதுப் பெயர் வந்தால் அந்த இடத்திலேயே ஆல்ட் சி அடித்து லெட்ஜரை உருவாக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

இப்படி வேலை செய்கிறவர்களில் பலர் டேலி தவிர வேறு எந்த மென்பொருளிலும் ஷார்ட்கட் பயன்படுத்துவதில்லை. இன்டர்நெட்டில் ஏதாவது தேட வேண்டுமென்றால் ஃபைலுக்கு அடியிலிருந்து மவுஸை எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஆள், ஒரே கீபோர்டு. ஒரு மென்பொருளில் விரல் பறக்கிறது, இன்னொன்றில் நடக்கிறது. இந்த வித்தியாசத்தை அந்த ஆளின் திறமையில் தேடிப் பயனில்லை. மெனுவை எழுதியவர் செய்த முடிவுகளில்தான் அது இருக்கிறது.

டேலியின் பிறப்பே ஒரு வியாபாரியின் கணக்குத் தேவையிலிருந்து வந்தது. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்துகொண்டிருந்தார். தன் கணக்கைச் சமாளிக்கப் பொருத்தமான மென்பொருள் எதுவும் கிடைக்காததால், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் எழுதச் சொன்னார். 1986-ல் நிறுவனம் தொடங்கியது. முதல் பதிப்புகள் டாஸில் ஓடின. மவுஸை நம்பி எதையும் வடிவமைக்க முடியாத காலம் அது. மெனுவின் ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்து மட்டும் எடுப்பாகத் தெரியும். பேலன்ஸ் ஷீட்டுக்கு பி, வவுச்சருக்கு வி. அதை அழுத்தினால் உள்ளே போகலாம். பின்னால் விண்டோஸ் வந்து மவுஸ் எல்லோர் மேஜைக்கும் வந்துவிட்ட பிறகும் அந்த எழுத்துகள் போகவில்லை. டேலியின் வேகத்துக்கு அடிப்படை அதுதான். அது எப்படி என்று பார்க்க, கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

1980-ல் ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் என்ற 3 ஆய்வாளர்கள் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். கணினியில் செய்யும் எந்த வேலையையும் சின்னச் சின்ன அசைவுகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டுக் கூட்டுவது. சாதாரண வேகத்தில் டைப் செய்கிறவர் ஒரு விசையை அழுத்த 0.28 நொடி. கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கை போக 0.4 நொடி. திரையில் ஓர் இடத்தைக் குறிபார்த்துச் சுட்ட 1.1 நொடி. அடுத்து என்ன செய்வது என்று மனம் ஆயத்தமாக 1.35 நொடி.

இதை வைத்து ஒரு மெனுவை அளக்கலாம். கை மவுஸுக்குப் போய், மெனுவின் தலைப்பைச் சுட்டி, உள்ளே இருக்கும் வரியைச் சுட்டி, திரும்பிக் கீபோர்டுக்கு வர, கிளிக் நேரத்தைச் சேர்க்காமலே 3 நொடி ஆகிறது. அதே வேலையை இரண்டு விசைகளில் முடித்தால் 0.56 நொடி. வித்தியாசம் ஏறக்குறைய 2.4 நொடி. கேட்க அற்பம். ஆனால் ஒரு பில்லுக்கு 10 கட்டளை, நாளைக்கு 200 பில் என்று வைத்துக்கொண்டால், 80 நிமிடம் மவுஸோடு போய் வருவதிலேயே கழிகிறது. ஈரோட்டு மேஜையில் மவுஸ் ஏன் ஃபைலுக்கு அடியில் கிடக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

ஆனால் இதற்கு நேர்மாறாகச் சொன்ன ஒருவரும் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் ஆரம்பகாலத் திரை வடிவமைப்பாளர்களில் ஒருவரான புரூஸ் டொக்னாசினி, மவுஸே வேகமானது என்று 1989-ல் எழுதினார். சோதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் கீபோர்டுதான் வேகம் என்று சத்தியம் செய்கிறார்கள், நிறுத்தக் கடிகாரமோ மவுஸ் பக்கம் பேசுகிறது என்பது அவர் வாதம். எந்த விசை என்று யோசிக்கிற நேரம் மனதில் பதிவதே இல்லை, மவுஸை நகர்த்துகிற நேரம் மட்டும் சலிப்பாகத் தெரிகிறது என்று அவர் காரணம் சொன்னார். இன்றுவரை இதை மேற்கோள் காட்டிச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு தரப்பும் சரியாகவே இருக்கலாம். அந்த 1.35 நொடியில்தான் விஷயம் இருக்கிறது. ஷார்ட்கட்டை நினைவிலிருந்து தேடி எடுக்கிறவருக்கு அந்த நேரம் முழுதாகச் செலவாகும், சில சமயம் இரட்டிப்பாகும். பத்தாயிரம் முறை எஃப் 8 அடித்தவருக்கு அது மறைந்துவிடும். விற்பனை என்று மனம் நினைப்பதும் விரல் இறங்குவதும் ஒன்றாகிவிடும். ஆக, மெனு வேகமா ஷார்ட்கட் வேகமா என்று மொத்தமாகக் கேட்பதில் அர்த்தமில்லை. முதல் நாள் தேடுகிறவரைப் பத்தாயிரமாவது முறைக்கு எந்த வடிவமைப்பு அழைத்துப் போகிறது என்று கேட்க வேண்டும்.

அந்த முதல் நாளிலேயே மெனுவை வேகமாக்கவும் வழிகள் உண்டு. 1954-ல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், கை ஓர் இலக்கை அடையும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று சூத்திரமாகக் காட்டினார். பக்கத்தில் இருக்கும் பெரிய இலக்கு சீக்கிரம் கிடைக்கும், தூரத்துச் சிறிய இலக்கு தாமதமாகும். இதில் திரை விளிம்புக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் சுட்டி விளிம்பைத் தாண்டிப் போகாது. அதனால் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெனுவின் உயரம், கையைப் பொறுத்தவரை முடிவில்லாதது. குறிபார்க்க வேண்டாம், தள்ளினால் போதும். மேக்கின் மெனுப் பட்டை திரையின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு பலமான காரணம்.

விண்டோஸ் 95-ன் ஸ்டார்ட் பொத்தான் திரையின் மூலையில் இருந்தது. மூலை என்பது இரண்டு விளிம்புகள் சேரும் இடம், ஆகவே இன்னும் சுலபமான இலக்கு. ஆனால் பொத்தானுக்கும் மூலைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விட்டிருந்தார்கள். மூலை முட்டச் சுட்டியைத் தள்ளிக் கிளிக் செய்தால் எதுவும் திறக்காது, கொஞ்சம் பின்வாங்கிக் குறிபார்க்க வேண்டும். ஓரிரு புள்ளி அகல இடைவெளிதான். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் தினமும் அந்தப் பின்வாங்கலைச் செய்தார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் அந்த இடைவெளியை மூடினார்கள்.

உள்மெனு இன்னும் சிக்கலான சமாச்சாரம். ஒரு வரியின் மேல் சுட்டியை வைத்தால் பக்கத்தில் இன்னொரு பட்டியல் விரிகிறது. அதில் கீழே இருக்கும் ஒன்றைப் பிடிக்கக் கை இயல்பாகக் குறுக்காகப் போகும். வழியில் சுட்டி அடுத்த வரியின் மேல் பட்டுவிடும், விரிந்த பட்டியல் மூடிக்கொள்ளும். விண்டோஸ் இதற்கு ஒரு தாமதத்தைத் தீர்வாக வைத்தது. சுட்டி ஒரு வரியில் 400 மில்லிநொடி தங்கினால்தான் பட்டியல் மாறும். ரெஜிஸ்ட்ரியில் மெனுஷோடிலே என்ற பெயரில் அந்த எண் இருக்கும். அதைக் குறைத்தால் கணினி வேகமாகும் என்ற குறிப்பு ஒரு காலத்தில் கணினிக் குறிப்புப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வந்தது. குறைத்தவர்களுக்கு மெனு சட்டென்று விரிந்தது உண்மை, குறுக்கே போகும்போது சட்டென்று மூடிக்கொண்டதும் உண்மை. மேக்கில் வேறு யோசனை செய்தார்கள். சுட்டி இருக்கும் இடத்திலிருந்து உள்மெனுவை நோக்கி ஒரு கூம்பு விரிவதாகக் கணக்கில் வைத்து, அதற்குள் சுட்டி நகரும்வரை பட்டியலை மூடாமல் பிடித்துக்கொள்வது. எல்லோரையும் காக்க வைப்பதை விட, கை எங்கே போக நினைக்கிறது என்று கணிப்பது எவ்வளவோ மேல். பின்னாளில் அமேசான் தளத்தின் பெரிய மெனுவிலும் இதே முக்கோண யோசனை வேலை செய்தது.

கணிப்பு எல்லா இடத்திலும் பலிப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2000-ல் மெனுக்கள் தாமாகவே சுருங்கிக்கொண்டன. அடிக்கடி பயன்படுத்தும் கட்டளைகள் மட்டும் முதலில் தெரியும், மற்றவை ஒளிந்திருக்கும், பயன்படுத்தினால் வெளியே வரும். குறைவான வரிகள் இருந்தால் சீக்கிரம் தேர்ந்தெடுக்கலாம் என்பது பார்வைக்கு நியாயமான யோசனை. நடந்தது வேறு. நேற்று மேலிருந்து நான்காவதாக இருந்த வரி இன்று ஆறாவதாக இருந்தது. பார்க்காமலே போகப் பழகிய கை தடுமாறியது. பழகிய கடையில் தினமும் சரக்கை இடம் மாற்றி வைத்தால் வாடிக்கையாளர் என்ன செய்வார்? ஒவ்வொரு நாளும் புதிதாகத் தேடுவார். ஆஃபிஸ் 2007-க்கான வேலைகளில் மைக்ரோசாஃப்ட் அந்த ஏற்பாட்டையே கைவிட்டது.

அந்த 2007 பதிப்புக்காக ஜென்சன் ஹாரிஸ் இருந்த வடிவமைப்புக் குழு, வேர்டு 2003-ஐ மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று சேகரித்த தரவைப் பார்த்தது. ஒட்டு, சேமி, நகலெடு, செயல்தவிர், தடித்த எழுத்து ஆகிய 5 கட்டளைகள் மட்டும் மொத்தப் பயன்பாட்டில் சுமார் 32 சதவீதம். ஒட்டு மட்டுமே 11 சதவீதத்துக்கு மேல். நூற்றுக்கணக்கான கட்டளைகள் கொண்ட மென்பொருளில் மூன்றில் ஒரு பங்கு வேலை ஐந்தே கட்டளைகளில் நடக்கிறது. அந்த ஐந்துக்கும் தனி ஷார்ட்கட் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது.

இருந்தும் அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? வேர்டில் நல்ல அனுபவம் உள்ள 251 பேரிடம் கேட்டு, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடிக்கடி செய்யும் வேலைகளுக்கும்கூடப் பெரும்பாலோர் கருவிப்பட்டைப் படங்களைத்தான் கிளிக் செய்தார்கள். பல ஆண்டுகள் பயன்படுத்தியும் ஷார்ட்கட்டுக்கு மாறவில்லை. சோம்பல் என்று இதை ஒதுக்கக் கூடாது. மெனுவின் வலது ஓரத்தில் மங்கலாக எழுதியிருக்கும் ஷார்ட்கட், கட்டளையை மவுஸால் கண்டுபிடித்த பிறகுதான் கண்ணில் படுகிறது. வேலை முடிந்துவிட்டது, இனி அது எதற்கு? ஆயிரம் முறை கிளிக் செய்தாலும் விரல் ஒருமுறைகூட அந்த விசைகளைத் தொட்டுப் பழகுவதில்லை. கற்கிற பாதை ஒன்று, தேர்ந்தவரின் பாதை வேறொன்று. ஒன்றில் எத்தனை காலம் நடந்தாலும் மற்றதற்குப் போய்ச் சேர முடியாது.

இந்தச் சிக்கலை அழகாக அவிழ்த்தவர்கள் டொரன்டோவில் இருந்தார்கள். கார்டன் கர்டன்பாக், பில் பக்ஸ்டன் இருவரும் 1990-களில் உருவாக்கிய குறி மெனு, வட்டமாக விரியும். பொத்தானை அழுத்திப் பிடித்துக் காத்திருந்தால் சுற்றிலும் கட்டளைகள் தெரியும், வேண்டியதன் திசையில் இழுத்து விட வேண்டும். பழகியவர் மெனு தோன்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே திசையில் ஒரு கோடு இழுத்தால் மெனு திரைக்கு வராமலே கட்டளை நடக்கும். புதியவர் செய்கிற அசைவும் தேர்ந்தவர் செய்கிற அசைவும் ஒன்றே. ஒவ்வொரு முறை மெனுவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்போதும் பார்க்காமல் செய்வதற்கான ஒத்திகை நடந்துவிடுகிறது. 1994-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பழகியவர்கள் மெனு தோன்றக் காத்திருப்பதைவிடச் சராசரியாக 3.5 மடங்கு வேகமாகக் கோடு இழுத்தார்கள். அனிமேஷன் கலைஞர்களின் மாயா மென்பொருளில் இந்த மெனு இன்றும் இருக்கிறது.

டாஸ் காலத்து டேலி வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. எடுப்பாகத் தெரியும் எழுத்தைப் பார்த்து வி அழுத்துகிற புதியவரும், பார்க்காமலே வி அழுத்துகிற பத்து வருடக் கணக்காளரும் ஒரே விசையைத்தான் அழுத்துகிறார்கள். திரையின் வலது ஓரத்தில் எஃப் 4 முதல் எஃப் 9 வரை பெயரோடு நிரந்தரமாக நின்றுகொண்டிருக்கும். ஷார்ட்கட் என்று தனியாக ஒரு பாடம் கிடையாது. மெனுவே பாடம். பயிற்சி மையத்துக்குப் போகாமல், பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தே டேலி கற்றவர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

எந்தக் கட்டளைக்கு எந்த விசை என்பதிலும் யோசிக்க நிறைய உண்டு. வெட்டு, நகலெடு, ஒட்டு என்ற மூன்றையும் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1970-களின் நடுவில் உருவாக்கியவர்கள் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும். டெஸ்லர் பிறகு ஆப்பிளுக்குப் போனார், 1983-ல் வந்த லிசா கணினியில் வேலை செய்தார். செயல்தவிர்க்கும் இசட்டையும் சேர்த்து, இசட், எக்ஸ், சி, வி என்ற வரிசை அங்கிருந்து வருகிறது. எக்ஸ் அடித்துவிடுவதைக் குறிக்கிறது, சி நகலின் ஆங்கில முதலெழுத்து, வி எழுத்துத் திருத்துபவர்கள் இடைச்செருகலுக்குப் போடும் கூர்க்குறியைத் தலைகீழாக்கியது போல இருக்கிறது. இந்த விளக்கங்களை விட முக்கியமானது, நாலும் அடுத்தடுத்து, இடது கைக்கு அடியில் இருப்பது. வலது கை மவுஸை விடவே வேண்டாம். ஒரு கை சுட்ட, மறு கை கட்டளையிட, மவுஸா கீபோர்டா என்ற சண்டையே அங்கே எழவில்லை.

நெருக்கம் ஆபத்தாகவும் முடியும். மேக்கில் ஒரு சாளரத்தை மூடும் டபிள்யூ விசைக்குப் பக்கத்திலேயே, மென்பொருளையே மூடும் க்யூ இருக்கிறது. விரல் ஓர் அங்குலம் நழுவினால் திறந்திருந்த எல்லாம் போய்விடும். அழுத்திப் பிடித்தால்தான் வெளியேறும்படி எச்சரிக்கை வைக்கும் வசதி மேக்கின் குரோமில் இருக்கிறது. பேக்ஸ்பேஸ் அடித்தால் முந்தைய பக்கத்துக்குப் போகும் வழக்கத்தையும் குரோம் 2016-ல் எடுத்துவிட்டது. நீளமான படிவத்தை நிரப்பிக்கொண்டிருப்பவர் ஓர் எழுத்தை அழிக்க நினைத்து, கர்சர் பெட்டிக்கு வெளியே இருப்பதைக் கவனிக்காமல் அடிப்பார், எழுதியது அத்தனையும் போகும். அதே விசைக்கு இடத்துக்கேற்ப இரண்டு அர்த்தம் இருந்ததுதான் வினை. இப்படி ஒரே விசை நிலைமைக்கு நிலைமை வேறு வேலை செய்வதை டெஸ்லர் வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். தன் காரின் எண் பலகையிலேயே அந்த எதிர்ப்பை எழுதி வைத்திருந்தவர் அவர்.

தமிழில் மெனு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. ஆங்கில மெனுவில் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் எழுத்துக்கு அடிக்கோடு போட்டால் அது குறுக்கு விசை ஆகிவிடும். தமிழில் கோப்பு, காட்சி, கருவிகள் மூன்றும் ககர வரிசை. போதாததற்கு, கோ என்பதே தமிழ் 99 விசைப்பலகையில் இரண்டு தட்டு. லினக்ஸின் க்னோம் திரையைத் தமிழாக்கியவர்கள் பல இடங்களில் கோப்பு என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எஃப் என்ற ஆங்கில எழுத்தையே வைத்தார்கள். பார்க்க ஒட்டுப்போட்டது போல இருந்தாலும் அது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். ஆங்கிலத் திரையில் பழகிய விரல் தமிழ்த் திரைக்கு வந்தால் தொலைந்து போகாது. ஆங்கிலம் தெரியாதவருக்கு எஃப் ஒரு சொல்லின் முதலெழுத்தாக இல்லாவிட்டாலும் ஓர் இடமாக நினைவில் நிற்கும்.

பழகிய விரலை மதிப்பது என்பது பதிப்பு மாறும்போதுதான் சோதனைக்கு வருகிறது. 2020 நவம்பரில் டேலி பிரைம் வந்தது. ஆல்ட் ஜி அடித்தால் ஒரு பெட்டி திறக்கும், வேண்டிய அறிக்கையின் பெயரைத் தட்டினால் நேராகப் போகலாம். சப்லைம் டெக்ஸ்ட், விஎஸ் கோடு போன்றவற்றில் நிரல் எழுதுகிறவர்களுக்குப் பழகிய ஏற்பாடு இது. எழுத்து எழுத்தாக மெனுவில் இறங்க வேண்டாம், எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டாம், பெயர் தெரிந்தால் போதும். எஃப் 5 முதல் எஃப் 9 வரை பழையபடியே விட்டார்கள். ஆனால் கன்ட்ரோல் எஃப் 8 என்று இருந்த கிரெடிட் நோட் ஆல்ட் எஃப் 6 ஆகவும், கன்ட்ரோல் எஃப் 9 ஆக இருந்த டெபிட் நோட் ஆல்ட் எஃப் 5 ஆகவும் மாறின. புதிதாகக் கற்கிறவருக்கு இதில் வித்தியாசம் எதுவும் இல்லை. பழைய பதிப்பில் பல ஆண்டுகள் உழைத்தவருக்கோ, மறைந்து போயிருந்த அந்த 1.35 நொடி சரக்கு திரும்பி வந்த ஒவ்வொரு பில்லிலும் மறுபடி முளைத்தது.

ஆஃபிஸ் 2007 இதைவிடப் பெரிய இடிப்பு வேலை. மெனுப் பட்டையையே எடுத்துவிட்டு ரிப்பன் என்ற அகலமான பட்டையை வைத்தார்கள். எடிட் என்ற மெனு எக்செல்லில் இல்லாமலே போனது. ஆனால் பழைய எக்செல்லில் ஆல்ட் அடித்து, இ, எஸ், வி என்று வரிசையாகத் தட்டி, சூத்திரத்தை விட்டு மதிப்பை மட்டும் ஒட்டப் பழகிய கணக்காளர்கள் ஏராளம். அவர்களுக்காக ஒரு சின்ன ஏற்பாடு செய்தார்கள். இன்றைய எக்செல்லிலும் ஒன்றை நகலெடுத்துவிட்டு ஆல்ட் இ அடித்துப் பார்க்கலாம். ஒரு சின்னப் பெட்டி தோன்றி, பழைய பதிப்பின் மெனு வரிசையைத் தொடர்ந்து தட்டுங்கள் என்று சொல்லும். அடுத்து எஸ், பிறகு வி, பிறகு என்டர். எடிட் மெனுவை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திராத இளைஞர்களும், பக்கத்து நாற்காலிக்காரரிடம் கற்றுக்கொண்டு, இன்று அந்த மூன்று எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.